இன்ஸ்பெக்டருக்கு ஒரு கல்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன். ஒரு டம்ளர் டீ. மாடிப்படி வழியாகக் கீழே இறங்கிக் கொல்லைக் கதவைத் திறந்தேன். பிளாஸ்டிக் டப்பில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் பிடித்து ஆமையைத் தூக்கி அதில் வைத்தேன். இருபது நிமிடம். அது தண்ணீர் குடித்தது. பிறகு அதே தண்ணீரில் வெளிக்குப் போனது. தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினேன். மல்பெரி இலை ஒரு கட்டு, செம்பருத்தி இலை இரண்டு கை. பள்ளி நாளாக இருந்தால் எட்டரைக்குக் கிளம்புவேன். வேதியியல் நடத்துகிறேன். அன்று சனிக்கிழமை, விடுமுறை.

பதினோரு மாதமாக இதுதான்.

ஆமையின் பெயர் இன்ஸ்பெக்டர். என் மனைவி பிளசி வைத்த பெயர். தினமும் காலையில் கூண்டின் நான்கு சுவரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் அது சாப்பிட வரும். ஆப்பிரிக்க வகை. நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் சிறை. இதற்குப் பதிவுச் சான்று உண்டு. பிளசி அதை லேமினேட் செய்து கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். எங்கள் கல்யாணச் சான்றிதழை லேமினேட் செய்யவில்லை.

கூண்டு என்று சொன்னாலும் மேலே மூடி கிடையாது. இரண்டு வரிசை ஹாலோபிளாக், எட்டடிக்கு ஆறடி. பாதி மண், பாதி டைல்ஸ். டைல்ஸ் மாமா போட்டது. குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சியது, இளஞ்சிவப்பு, ரோஜாப்பூ போட்டது. மாமா சின்னப்பராஜ் முப்பது வருடம் அரூர்–சேலம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மிஞ்சிய எதையும் வீணாக்க மாட்டார். அந்த வழவழப்பில் ஆமைக்குப் பிடிப்பு கிடைக்காது. நான்கு காலும் நான்கு பக்கம் போகும். நகமும் தேயாமல் வளர்ந்துவிட்டது. தருமபுரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். சொரசொரப்பான கல் போடுங்கள், சாப்பாட்டையும் அதன் மேலேயே வையுங்கள், மண்ணைத் தின்னாது, நகம் தானே தேயும் என்றார்.

வீடு மாமாவுடையது. கீழே அவரும் அத்தை லூர்து மேரியும். மாடியில் நான். பிளசி அவர்களுக்கு ஒரே பெண். அவள் போன பிறகு என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். கிறிஸ்தவர்கள் அதையெல்லாம் நம்பக் கூடாது என்று பங்குச்சாமியார் சொல்லியிருக்கிறார். அதனால் அத்தை நம்புவதில்லை. அதன் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். என் மேல் கோபம் வந்தால் மட்டும் அதனோடு பேசுவார். மாப்பிள்ளையை நேராகத் திட்டக் கூடாது.

அன்று காலை பேசினார்.

"ஏன்டா இன்ஸ்பெக்டரு, அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட இன்னும் எத்தன நாளு ஆவும்னு கேளு. நவம்பர் ரெண்டு உனக்காக நிக்குமா?"

ஆமை இலையை இழுத்தது.

"பதிலு வருதா பாரு. ரெண்டும் ஒரே மாதிரி."

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். சாமியார் கல்லறைகளை மந்திரிப்பார். ஊரே மெழுகுவத்தியோடு வரும். பிளசியுடையது இன்னும் மண்மேடுதான், ஒரு மரச் சிலுவை. அதற்குள் கல் வைத்துவிட வேண்டும் என்பது அத்தையின் பிடிவாதம். கல் பட்டறையிலிருந்து வாசகம் அச்சடித்த பேப்பர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே:

'இயேசுவே, இதோ வருகிறேன். கதவைத் திறந்து வையும். என் குடும்பத்தை ஆசீர்வதியும்.' பிளசியின் கடைசி வார்த்தைகள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னா சொன்னா?" என்று கேட்டார். "இயேசுவேன்னா" என்றேன். ஒரே வார்த்தை. அடக்கத்தன்று அது ஒரு வாக்கியம் ஆயிற்று. முப்பதாம் நாள் பூசைக்குள் பிளசி கையைக் குவித்திருந்தாள். தெருவார் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சொன்னபோது ஆஸ்பத்திரி அறை முழுக்க மல்லிகை வாசனை வந்தது. உண்மையில் அது டெட்டால். ஈஸ்டருக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் முழங்கால் வலிக்காகப் பிளசியிடம் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். குறைந்துவிட்டதாம்.

பேச்சில் இருந்தவரை விட்டுவிட்டேன். கல்லில் வெட்டுவது வேறு. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உண்மையில் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதை அத்தையிடம் சொல்ல முடியாது.

"வாங்க மாப்ள, பட்டறைக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம்" என்றார் மாமா. "உங்க ஆமைக்கும் கல்லு பாத்த மாதிரி இருக்கும்."

பட்டறை தருமபுரி சாலையில் இருக்கிறது. நடத்துபவர் நவநீதன். சமையல் மேடை, வாசற்படி, கோயில் கல்வெட்டு எல்லாம் செய்வார். கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் வெள்ளைச் சேறு. நான் ஆமைக் கல்லிலிருந்து ஆரம்பித்தேன்.

"டைல்ஸ் மாதிரி அறுத்த கல்லு வேணும். ஓரடிக்கு ஓரடி, ஆறு."

"எந்த ரூமுக்குங்க சார்?"

"ஆமைக்குங்க."

அவர் முகம் மாறவில்லை. "பாலிஷா, ப்ளேமா?"

"வழுக்கக் கூடாது."

"அப்ப ப்ளேம். மேல நெருப்பக் காட்டிப் பொரிய வுட்டிருக்கும். படிக்கட்டுக்கு அதான் போடறோம். ஆமை என்னா கலருங்க?"

"மண் கலர்."

"அப்ப செவப்புக் கல்லு எடுப்பா இருக்கும். எடுத்து வெக்கச் சொல்றேன். உங்க இன்னொரு கல்லும் ரெடிங்க."

"எது?"

"சமாதிக் கல்லு."

"கையெழுத்தே போடலையே?"

"அம்மா மூணு தடவ போன் பண்ணாங்க சார். நாலாவது தடவ அடிக்கறதுக்குள்ள வெட்டிப்புட்டேன்."

தார்ப்பாயை விலக்கினார். மூன்றடிக்கு இரண்டடி கருங்கல். கண்ணாடி போல் பாலிஷ். எழுத்து தங்க நிறம். என் தலை அதில் தெரிந்தது, தேதிகளுக்கு நடுவில். சிலுவை அழகாக இருந்தது. கதவைத் திறந்து வையும், ஆசீர்வதியும், எல்லாம் இருந்தன.

சிலுவைக்கு மேலே பிள்ளையார் சுழி இருந்தது. பெரிய 'உ'.

கல்லின் அடியில்: உபயம் – சின்னப்பராஜ், ஓட்டுநர் (ஓய்வு), அரூர்.

மாமா மூன்று தடவை படித்தார்.

"மாப்ள, இது என் பேருதானே?"

"ஆமாங்க மாமா."

"உபயம்னு போட்டிருக்குது."

"ஆமாங்க."

"பொண்ணு செத்ததுக்கு நான் உபயமா?"

நவநீதன் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பி, "பிரியதர்ஷினி!" என்று கத்தினார். கம்ப்யூட்டரில் வாசகம் அடிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். காதில் ஒரு பென்சில்.

"கோயில் டெம்ப்ளேட்டுங்கண்ணா. போன வாரம் மாரியம்மன் கோயில் படிக்கு அடிச்சமில்ல, அதுலயே பேர மாத்துனேன். மேல 'உ', கீழ உபயம், ரெண்டும் லாக் பண்ணியிருக்கும். பில்லு யாரு பேர்ல இருக்குதோ அது தானா வந்து ஒக்காந்துக்கும்."

"சிலுவை போட்டியே, அப்பக்கூடத் தெரியலயா?"

"சிலுவை புதுசா சேத்ததுங்கண்ணா. கரெக்டா நடுவுல வெச்சிருக்கேன் பாருங்க."

நடுவில்தான் இருந்தது.

நவநீதன் குந்தி உட்கார்ந்து 'உ'வைக் கையால் தடவினார். "சார், ஒண்ணும் பிரச்சன இல்லைங்க. இந்தச் சுழிய தலையா வெச்சுக்கலாம். வால இன்னும் கொஞ்சம் இழுத்து, மேல ரெண்டு றெக்க வெச்சா புறா. உங்க ஆளுங்களுக்கு புறா ஆவும்ல?"

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "புறான்னா தூய ஆவி. ஆவும்."

"கீழ உபயத்துக்கு எபாக்ஸி பசை வுட்டு கருப்பு அடிச்சா எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

"மழ பேஞ்சா?"

"புறா பறக்காதுங்க. கியாரண்டி."

மாமா யோசிக்க ஆரம்பித்துவிட்டார். குளியலறை டைல்ஸை ஆமைக்குப் போட்டவர். ஒரு புறாவில் ஒரு கல் மிஞ்சும் என்றால் விடுவாரா? இன்னும் இரண்டு நிமிடத்தில் சரி என்று சொல்லியிருப்பார். அந்தக் கல் போய் நின்றிருக்கும். அதில் உள்ள பொய்யும் நின்றிருக்கும். பாப்பாரப்பட்டியிலிருந்து வேனில் வருவார்கள்.

நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். 'உ' நடுவில் வரும்படி, வெயில் நன்றாக விழும்படி. அத்தைக்கு அனுப்பினேன்.

நீல டிக் உடனே விழுந்தது. மாமாவின் போன் அடித்தது. அவர் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். கல் அறுக்கும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள், கேட்பதற்கு வசதியாக.

"என்னாங்க அது, பிள்ளையார் சுழி போட்டா பொண்ண அனுப்பி வெக்கறீங்க! சாமியாரு தீர்த்தத்த அது மேல தெளிப்பாரா, நம்ம மூஞ்சில ஊத்துவாரா?"

"புறாவா மாத்திக்கலாம்னு..."

"புறாவாம் புறா! யாரு கண்டது அத? இங்க இருந்து பாத்தா கோழி மாதிரி வரும். புதுசு வெட்டச் சொல்லுங்க! அந்தாளுகிட்ட போனக் குடுங்க!"

நவநீதன் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே, "புதுசு வெட்டிடறேங்கம்மா" என்று குரல் கொடுத்தார்.

பிறகு என்னிடம் மெதுவாக, "இதக் கொண்டுபோயிருங்க சார்" என்றார். "செத்தவங்க பேரு வெட்டின கல்லு பட்டறையில கெடக்கக் கூடாது. வேல நடக்காது."

"உடைச்சிடுங்களேன்."

"சிலுவை இருக்குதுங்க. நான் சுத்தியல் வெக்க மாட்டேன். உங்க சாமி, என் கை."

பழைய கல் குட்டி யானை லோடு வண்டியில் ஏறியது. ஆமையின் ஆறு சிவப்புக் கல் ஏறவில்லை. வண்டியில் ஏற்கனவே வேறு சரக்கு இருந்தது, இடமில்லை என்றார் ஓட்டுநர். மாமா கல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் பைக்கில் தொடர்ந்தேன். அவர் மகளுடைய பெயருக்குக் குறுக்கே கையை வைத்திருந்தார். வழியில் இரண்டு பேர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். 'உ'வைப் பார்த்தா, சிலுவையைப் பார்த்தா என்று தெரியவில்லை.

அத்தை கேட்டில் நின்றார்.

"கல்லறக் கல்ல வாசல் வழியா வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா யாராச்சும்?"

"அப்ப ரோட்டுல போடட்டுமா?" என்றார் மாமா.

"எம் பொண்ணு பேர ரோட்டுல போடுவீங்களா?"

"ஆத்துல..."

"ஆத்துல ஏதுங்க தண்ணி?"

கல் இறங்காமல் கால் மணி நேரம் நின்றது. வண்டி ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வந்தார். கடைசியில் அத்தைதான் தீர்ப்புச் சொன்னார். "சந்து வழியாக் கொல்லைக்குக் கொண்டுபோங்க. ஆவாதது ஏற்கனவே ஒண்ணு அங்க கெடக்குது. ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்."

கல்லை இறக்கிச் சுவரில் சாய்த்தபோதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். பாலிஷ் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் மெஷின் அறுத்த வாக்கில் விட்டிருந்தார்கள். கையால் தேய்த்தேன். உப்புத்தாள் போல இருந்தது. ஓரங்களை மட்டும் மழுக்கியிருந்தார்கள். ஆமையின் வயிற்றில் கீறாது. மருத்துவர் சொன்னது இதுதான்.

"கவுத்துப் போட்டா ஆமைக்கு ஆவுங்க அத்தை."

அத்தை ஆமையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்டால் 'உ' யாருக்கும் தெரியாது. அது புரிந்தது அவருக்கு.

"வெட்டக் கூடாது. முழுசாப் போடுங்க."

ரோஜாப்பூ டைல்ஸைக் கடப்பாரையால் பெயர்த்தேன். மாமா அவற்றைக் கழுவி அடுக்கி வைத்துக்கொண்டார். மூன்று விரல் ஆழம் தோண்டி மணல் பரப்பினேன். கல் மண்ணோடு சமமாக உட்கார வேண்டும், விளிம்பு தூக்கி நின்றால் ஆமை ஏறும்போது புரண்டு மல்லாந்துவிடும். கருங்கல் மதியத்தில் கொதிக்கும் என்பதால் பாதி வெயிலிலும் பாதி ஒரு மூலையில் நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குக் கீழேயும் வரும்படி இடம் பார்த்தோம். மாமா வழி சொன்னார்.

"லெஃப்ட்டு ஒடிங்க மாப்ள. இன்னும் ஒடிங்க. ரிவர்ஸ்ல வாங்க. வரலாம், வரலாம், வரலாம். ஹோல்டான்!"

கல் உட்கார்ந்தது. தங்க எழுத்து மணலுக்குள் போனது.

"என் பேரும் அடியில போயிருச்சு" என்றார் மாமா. "நிம்மதி."

இன்ஸ்பெக்டர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. புதுக் கல்லின் ஓரத்தில் நின்றது. ஒரு முன்னங்காலை வைத்தது. இன்னொன்றை வைத்தது. வழுக்கவில்லை. நகம் கல்லில் கிரக் கிரக் என்றது. குறுக்கே நேராக நடந்து மறுபக்கம் போய், திரும்பி, நடுவுக்கு வந்து, சிறுநீர் விட்டது. நிறைய.

"பாத்தீங்களா, எம் பொண்ணு பேரு மேலயே!"

"இது முதுகுப்பக்கங்க அத்தை."

மாமா குனிந்து இடத்தைக் கணித்தார். "பேரு அந்தாண்ட வரும். இது உபயத்து மேல."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்குப் பிரியதர்ஷினி போன் செய்தாள். புதுக் கல்லுக்கு வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள். இந்த முறை வெறும் டெம்ப்ளேட்டில் அடிப்பதாகச் சொன்னாள். பழையதையே அடித்துவிடவா, மேலேயும் கீழேயும் மட்டும் எடுத்துவிட்டு, என்று கேட்டாள். அரை மணியில் சொல்கிறேன் என்றேன். படம் அனுப்பி நான் சம்பாதித்தது ஒரே ஒரு பகல்.

அத்தை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள."

நேராக என்னிடம். ஆமையிடம் இல்லை.

"சொல்லுங்க அத்தை."

"அந்தப் போட்டோவ எனக்கு எதுக்கு அனுப்புனீங்க? அவரு புறா போட்டு முடிச்சிருப்பாரு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

மல்பெரிக் கட்டைப் பிரித்தேன்.

"ஒரு வாரமா கையெழுத்தும் போடல. நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனா எனக்கும் கூட்டிப் பாக்கத் தெரியும்."

இலையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தேன். ஏற்கனவே நிறைய இருந்தது.

"கதவு, ஆசீர்வாதம், மல்லியப்பூ வாசன, எல்லாம் நான் சேத்தது. எனக்குத் தெரியும் அது. ஒவ்வொருத்தருக்கா சொல்லச் சொல்ல வந்துச்சு. நீங்க சொன்னது ஒரு வார்த்த. அதாச்சும் நெசமா?"

"இல்லைங்க அத்தை."

ஆமை மென்றுகொண்டிருந்தது. இலை கிழியும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமே சொல்லலயா அவ?"

"தூங்கப் போறேன்ற மாதிரி சொன்னா."

இது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அத்தை தலையாட்டினார். "ஆமா. நான் வந்தப்ப தூங்கிட்டுதான் இருந்தா. எழுப்பல நான். பக்கத்துல ஒக்காந்து ஜெபமாலையில அம்பத்துமூணு மணியும் சொன்னேன். மாதா பிரார்த்தனையும் சொன்னேன். அசங்கவே இல்ல. சின்ன வயசுல இருந்து ஜெபமாலைன்னா அஞ்சு நிமிஷம் ஒக்கார மாட்டா, கழுத. கொசு கடிக்குதும்பா, ஒண்ணுக்கு வருதும்பா. அன்னிக்கு முழுசும் கேட்டுட்டுக் கெடந்தா. அந்தத் தூக்கத்துலயே போயிட்டா."

"ஆமாங்க."

"அதப் போடலாமா கல்லுல? அம்மா சொன்ன ஜெபமாலைய முழுசும் கேட்டுட்டுப் போனான்னு?"

இருமல் மாதிரி ஏதோ வந்தது எனக்கு. அடக்கினேன்.

"பேரும் தேதியும் போதுங்க அத்தை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். பெயர். இரண்டு தேதி. மேலே ஒரு சிலுவை வரைந்தார். என்னிடம் நீட்டினார்.

"இத மட்டும் அனுப்புங்க. அந்தப் பொண்ணுகிட்ட 'உ' வேணாம்னு சொல்லுங்க. உபயமும் வேணாம். புறா, கோழி ஒண்ணும் வேணாம்."

அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது. அத்தை வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பாப்பாரப்பட்டி அம்மாளிடம் முழங்காலைப் பற்றி என்ன சொல்வது என்று தனக்குள் முனகிக்கொண்டே உள்ளே போனார்.

அவரிடம் சொல்ல முடியாதது இதுதான். அன்று காய்ச்சல் ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். மாலை நான்கு மணி. அறையில் நானும் பிளசியும் மட்டும். மாடிப்படியில் அத்தையின் குரல் கேட்டது, நர்ஸிடம் அறை எண் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் இருந்தால் பிளசி என்னை வாங்க போங்க என்பாள், தனியாக இருந்தால் டேய். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டேய், அம்மா ஜெபமாலையோட வர்றாங்க. நான் தூங்கற மாதிரி கெடக்கறேன், காட்டிக் குடுத்துடாத."